சி. கே. பிரகலாத்

கோயம்புத்தூர் கிருஷ்ணராவ் பிரகலாத் (ஆகஸ்ட் 8, 1941 – ஏப்ரல் 16, 2010) தமிழ்நாட்டில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய மேலாண்மை அறிஞர் ஆவார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராஸ் வணிகவியல் பள்ளியில் வணிக உத்தித் துறைப் பேராசிரியராக இருந்தார். நிறுவனங்களின் மையத் திறன் பற்றிய கோட்பாட்டை கேரி ஹாமெலுடன் இணைந்து 1990 இல் முன்வைத்தார். உலகின் ஏழை மக்களைக் கொடை பெறுவோராகக் கருதாமல், வாங்குவோராகவும் தொழில் முனைவோராகவும் கருத வேண்டும் என்று கூறும் 'பிரமிடின் அடித்தளம்' என்னும் கருத்து இவரைப் பரவலாக அறியச் செய்தது. இக்கருத்து பெரும் வரவேற்பையும் கடும் மறுப்பையும் ஒருங்கே பெற்றது.

பிறப்பும் கல்வியும்

பிரகலாத் கோயம்புத்தூரில் கன்னடம் பேசும் குடும்பமொன்றில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் இவர் ஒன்பதாமவர். தந்தை நீதிபதியாகவும் சமற்கிருத அறிஞராகவும் விளங்கினார். பிரகலாத் சென்னை இலயோலா கல்லூரியில் இயற்பியல் பயின்று இளம் அறிவியல் பட்டம் பெற்றார்.

தொழிற்சாலைப் பணி

பட்டம் பெற்றவுடன் 1960 இல், தம் 19 ஆவது அகவையில், யூனியன் கார்பைடு நிறுவனத்தின் சென்னை மின்கலத் தொழிற்சாலையில் பணியில் சேர்ந்தார். எவரெடி என்ற பெயரில் விற்கப்பட்ட டார்ச் விளக்கு பேட்டரிகள் இங்கு உற்பத்தியாயின. இத்தொழிற்சாலை வடசென்னையின் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அமைந்திருந்தது. அசோக் லேலண்டு, என்பீல்டு போன்ற ஆலைகளும் அப்பகுதியில் இயங்கி வந்தன. எண்ணூர், மணலி, மீஞ்சூர் எனத் தொடர்ந்து, திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி வரை பின்னாளில் நீண்ட தொழிற்பட்டையின் தெற்கு முனை என இப்பகுதியைக் கூறலாம்.

பிரகலாத் இங்கு நான்கு ஆண்டுகள் பணியாற்றினார். தொழிலாளர்களுடனும் தொழிற்சங்கத்தினருடனும் நேரடியாகப் பழகும் வாய்ப்பு அப்போது கிடைத்தது. நிறுவனம் ஒன்றின் அறிவு மேலாளர்களிடம் மட்டும் குவிந்திருப்பதில்லை, இயந்திரத்தின் முன் நிற்பவரிடமும் உள்ளது என்பதை இப்பணியிலிருந்து கற்றுக்கொண்டதாகப் பின்னர் நினைவுகூர்ந்தார். தம் வாழ்வின் திருப்புமுனைகளுள் ஒன்றாக இவ்வேலையை அவர் குறிப்பிடுவது வழக்கம்.

இவர் விலகி இருபது ஆண்டுகளுக்குப் பின், இதே நிறுவனத்தின் போபால் பூச்சிக்கொல்லி ஆலையில் 1984 டிசம்பர் 2–3 இரவில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு குறித்து இந்தியாவில் நடைபெறும் விவாதங்களில் இந்நிகழ்வு தவறாமல் இடம்பெறுகிறது.

உயர்கல்வி

அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் 1961 இல் தொடங்கப்பட்டது. விக்கிரம் சாராபாய் இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றினார். ஆர்வர்டு வணிகப் பள்ளி இதற்குத் துணைநின்றது. இக்கழகத்தின் முதுநிலைப் பட்டயப் படிப்பு 1964 இல் தொடங்கியபோது அதன் முதல் அணியில் சேர்ந்த பிரகலாத், 1966 இல் படிப்பை நிறைவு செய்தார். பின்னர் ஆர்வர்டு வணிகப் பள்ளியில் சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களின் மேலாண்மை பற்றி ஆய்வு செய்து 1975 இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு உடன் பயின்ற பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர் ஈவ் டோசுடன் ஏற்பட்ட நட்பு நெடுங்கால ஆய்வுக் கூட்டுறவாக வளர்ந்தது.

கல்விப் பணி

முனைவர் பட்டத்திற்குப் பின் இந்தியா திரும்பிய பிரகலாத், தாம் பயின்ற அகமதாபாத் கழகத்திலேயே சிறிது காலம் பேராசிரியராகப் பணியாற்றினார். 1977 அளவில் மனைவி காயத்ரியுடன் ஐக்கிய அமெரிக்கா சென்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தொழில் முயற்சிக்காக ஒதுக்கிய சில ஆண்டுகள் நீங்கலாக, இறுதி வரை அப்பல்கலைக்கழகத்துடனேயே இணைந்திருந்தார். பல்கலைக்கழகம் இவருக்குப் பால் மற்றும் ரூத் மெக்கிராக்கன் பெயரிலான சிறப்புப் பேராசிரியர் பதவியை வழங்கியது.

இவருடைய ஆய்வுகள் பெரும்பாலும் பிறருடன் இணைந்து எழுதப்பட்டவை. ஒரு துறையில் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் உழைத்து, அதன் பயனை நூலாகவோ கட்டுரைகளாகவோ வெளியிட்டபின் வேறு துறைக்கு நகர்வது இவரது இயல்பாக இருந்தது.

வணிக உத்தி பற்றிய ஆய்வுகள்

பன்னாட்டு நிறுவனங்கள்

உலகம் முழுவதற்கும் ஒரே பொருளை உற்பத்தி செய்வதால் செலவு குறைகிறது. ஆனால் ஒவ்வொரு நாட்டின் அரசும் நுகர்வோரும் தமக்கேற்ற பொருளைக் கேட்கின்றனர். இவ்விரு அழுத்தங்களையும் ஒரு நிறுவனம் எவ்வாறு சமன் செய்கிறது என்பதைப் பிரகலாத்தும் டோசும் ஆராய்ந்தனர். இவர்களின் நூல் 1987 இல் வெளிவந்தது.

ஆதிக்கச் சிந்தனை

ரிச்சர்டு பெட்டிசுடன் 1986 இல் எழுதிய கட்டுரையில், ஒரு தொழிலில் வெற்றி பெற்ற மேலாளர்கள் அத்தொழிலின் தருக்கத்தையே எல்லாத் தொழில்களுக்கும் பொருத்திப் பார்க்கின்றனர் என்று பிரகலாத் வாதிட்டார். பழைய வெற்றி புதிய வாய்ப்பை மறைக்கும் திரையாகிறது என்பது இதன் சாரம். ஏழைகள் ஏன் நிறுவனங்களின் கண்ணில் படுவதில்லை என்ற இவரது பிற்காலக் கேள்விக்கும் இதே விடைதான் அடிப்படையாக அமைந்தது.

மையத் திறன்

பிரகலாத்திடம் முனைவர் பட்ட மாணவராகச் சேர்ந்தவர் கேரி ஹாமெல். 1980-களில் சப்பானிய நிறுவனங்கள் தம்மைவிடப் பன்மடங்கு பெரிய அமெரிக்க நிறுவனங்களை வீழ்த்தியதன் காரணத்தை இருவரும் ஆராய்ந்தனர். 'உத்திசார் நோக்கம்' பற்றிய கட்டுரை 1989 இலும், 'நிறுவனத்தின் மையத் திறன்' பற்றிய கட்டுரை 1990 இலும் ஆர்வர்டு பிசினசு ரிவியூ இதழில் வெளியாயின.

இரண்டாவது கட்டுரை பெரிய நிறுவனத்தை ஒரு மரத்துக்கு ஒப்பிடுகிறது. கடையில் விற்கும் பொருட்கள் இலைகளும் கனிகளும் ஆகும். வணிகப் பிரிவுகள் கிளைகள், மையப் பொருட்கள் அடிமரம். கண்ணுக்குப் புலப்படாத வேரே மையத் திறன் ஆகும். ஒரு திறன் மையத் திறன் எனக் கொள்ளப்பட மூன்று தகுதிகள் தேவை:

- பல்வேறு சந்தைகளில் நுழைய அது வழிவகுக்க வேண்டும்.
- இறுதிப் பொருளில் வாடிக்கையாளர் உணரும் பயனுக்கு அது பெரிதும் காரணமாக இருக்க வேண்டும்.
- போட்டியாளர்கள் எளிதில் நகலெடுக்க இயலாததாக இருக்க வேண்டும்.

ஓண்டாவின் எஞ்சின் நுட்பம் இதற்கு எடுத்துக்காட்டாகும். மகிழுந்து, மோட்டார் சைக்கிள், புல்வெட்டி, மின்னாக்கி ஆகிய அனைத்திலும் அந்நுட்பமே பயன்பட்டது. அமெரிக்காவின் ஜி.டி.இ., சப்பானின் என்.இ.சி. ஆகியவற்றின் ஒப்பீடும் இக்கட்டுரையில் புகழ் பெற்றது. 1980 இல் ஜி.டி.இ.யின் விற்பனை 998 கோடி டாலர், என்.இ.சி.யின் விற்பனை 380 கோடி டாலர். 1988 இல் ஜி.டி.இ. 1,646 கோடி டாலரையும் என்.இ.சி. 2,189 கோடி டாலரையும் எட்டின. கணினியும் தொலைத்தொடர்பும் ஒன்றாகும் என்பதை முன்னுணர்ந்து அதற்கான திறனை என்.இ.சி. வளர்த்துக்கொண்டதே காரணம் என்று கட்டுரை விளக்குகிறது.

இக்கோட்பாடு மேலாண்மைப் பாடத்திட்டங்களில் நிலைபெற்றது. எனினும், எது மையத் திறன் என்பதை வெற்றிக்குப் பின்னரே அடையாளம் காண முடிகிறது என்ற குறை இதன்மீது கூறப்படுகிறது. எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்ட என்.இ.சி. பிற்காலத்தில் பின்னடைவுகளைச் சந்தித்தது. 2011 இல் தன் தனிநபர் கணினித் தொழிலைச் சீனாவின் லெனோவோவுடன் இணைந்த கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது.

ஆலோசகராக

நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் கடும் நெருக்கடியில் இருந்தபோது, அதன் தலைவர் யான் டிம்மருக்கு மறுசீரமைப்புப் பணியில் பிரகலாத் ஆலோசனை வழங்கினார். பல்வேறு பன்னாட்டு நிறுவனங்களுக்கும் ஆலோசகராக இருந்தார். என்.சி.ஆர்., இந்துஸ்தான் லீவர் ஆகியவற்றின் இயக்குநர் குழுக்களில் இடம்பெற்றார். ஐக்கிய நாடுகள் அவையின் தனியார் துறை மற்றும் வளர்ச்சிக்கான ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். தொழில்முனைவை ஊக்குவித்து வறுமையைக் குறைப்பது பற்றிய இவ்வாணையத்தின் அறிக்கை 2004 இல் வெளிவந்தது.

தொழில்முனைவு

கணினி அறிவியலாளர் ரமேஷ் ஜெயினுடன் இணைந்து பிரஜா என்னும் மென்பொருள் நிறுவனத்தைப் பிரகலாத் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் நடத்தினார். மக்கள் என்று பொருள்படும் சமற்கிருதச் சொல்லே நிறுவனத்தின் பெயர். எளிய மக்களும் தடையின்றித் தகவலைப் பெறச் செய்வது இதன் நோக்கங்களுள் ஒன்று. தம் மேலாண்மைக் கருத்துகளைச் சோதிக்கும் களமாகவும் பிரகலாத் இதைக் கருதினார். பேராசிரியர் பணியிலிருந்து ஒதுங்கி, நிறுவனத்தின் முதன்மைச் செயல் அலுவலராகவும் பொறுப்பேற்றார்.

இணையத் தொழில்களின் வீழ்ச்சிக் காலத்தில் நிறுவனம் நெருக்கடிக்கு உள்ளானது. பணியாளர்களில் மூன்றில் ஒரு பகுதியினர் நீக்கப்பட்டனர். இறுதியில் பிரஜா டிப்கோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. நிறுவனங்களுக்கு உத்தி வகுத்துத் தந்த அறிஞரின் சொந்த நிறுவனம் நிலைக்கவில்லை என்பது இவரது வாழ்க்கையில் அடிக்கடி சுட்டப்படும் முரண் ஆகும். பிரகலாத் மிச்சிகனுக்குத் திரும்பிக் கற்பித்தலைத் தொடர்ந்தார். இதன் பின்னரே இவரது பெரும்புகழ் பெற்ற நூல் வெளியானது.

பிரமிடின் அடித்தளம்

உலக மக்களை வருமானத்தின்படி அடுக்கினால் ஒரு பிரமிடு கிடைக்கும். அதன் உச்சியில் உள்ள சிலருக்காகவே நிறுவனங்கள் பொருட்களை உருவாக்குகின்றன. அடியில் உள்ள பல கோடி மக்கள் அரசுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிய சிக்கலாகக் கருதப்படுகின்றனர். இப்பிரிவினையைப் பிரகலாத் ஏற்கவில்லை. இது குறித்து 2002 இல் ஸ்டூவர்ட் ஹார்ட்டுடன் ஒரு கட்டுரையும் ஆலன் ஹாமண்டுடன் மற்றொரு கட்டுரையும் எழுதினார். 2004 இல் 'பிரமிடின் அடித்தளத்தில் உள்ள செல்வம்' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். மிச்சிகன் மாணவர்கள் களத்துக்குச் சென்று தயாரித்த நேர்வு ஆய்வுகள் நூலின் பெரும்பகுதியாக அமைந்தன.

வறுமையின் கூடுதல் விலை

ஏழைகள் ஒரே பொருளுக்குச் செல்வரைவிட அதிக விலை கொடுக்கின்றனர் என்பது நூலின் முதன்மையான வாதங்களுள் ஒன்று. மும்பையின் தாராவியையும் செல்வர் வாழும் வார்டன் சாலைப் பகுதியையும் பிரகலாத் ஒப்பிட்டார். தாராவி மக்கள் குடிநீருக்கு 37 மடங்கும், வயிற்றுப்போக்கு மருந்துக்கு 10 மடங்கும், அரிசிக்கு 1.2 மடங்கும் விலை கொடுத்தனர். கடனுக்கான வட்டி 53 மடங்கு வரை இருந்தது. போட்டியின்மை, இடைத்தரகர், வழங்கல் வசதிக் குறைவு ஆகியவை இதற்குக் காரணங்கள். ஒழுங்கமைந்த நிறுவனங்கள் நுழைந்தால் இக்கூடுதல் சுமை குறையும் என்று அவர் எதிர்பார்த்தார்.

தமிழ்நாட்டு எடுத்துக்காட்டுகள்

நூலில் இடம்பெற்ற முதன்மையான நேர்வு ஆய்வுகளுள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் ஒன்று. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976 இல் 11 படுக்கைகளுடன் இதைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து கிடைக்கும் வருவாயைக் கொண்டு, செலுத்த இயலாதோருக்கும் கண்புரை அறுவை செய்யப்படுகிறது. ஒரு நோயாளிக்கு அறுவை முடிந்தவுடன் மருத்துவர் அடுத்த மேசைக்குத் திரும்புவார். முன்னேற்பாடுகளைப் பயிற்சி பெற்ற செவிலியர் செய்து வைத்திருப்பர். இம்முறையால் ஒரு மருத்துவர் செய்யும் அறுவைகளின் எண்ணிக்கை பன்மடங்கு உயர்ந்தது. செயற்கை விழிவில்லைகளை உள்நாட்டிலேயே தயாரிக்க 1992 இல் ஆரோலேப் தொடங்கப்பட்டது. இறக்குமதியில் நூறு டாலர் அளவில் இருந்த வில்லையின் விலை, இதனால் பத்து டாலருக்கும் கீழே இறங்கியது.

மதுரா வங்கி தமிழக ஊர்களில் வளர்த்த மகளிர் சுய உதவிக் குழுக்களும் நூலில் இடம்பெற்றன. இவ்வங்கி 2001 இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியுடன் இணைந்தது.

ஷாம்பு பாக்கெட் என வழங்கும் சிறு பொதியும் இக்கருத்துடன் அடிக்கடி இணைத்துப் பேசப்படுகிறது. நாள்கூலி பெறுபவர் முழுப் புட்டியை வாங்க இயலாது, ஒரு வேளைக்கான அளவை வாங்க இயலும். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் இம்முறையில் முன்னோடி ஆவார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983 இல் தொடங்கிய நிறுவனம் சிக் ஷாம்பு வழியாக இதை ஊர்தோறும் பரப்பியது. பன்னாட்டு நிறுவனங்களுக்குப் பிரகலாத் பரிந்துரைத்த வழியில் தமிழ்நாட்டுச் சிறு தொழில்முனைவோர் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே நடைபோட்டிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

திறனாய்வுகள்

மிகவும் அறியப்பட்ட மறுப்பு பிரகலாத்தின் சொந்தக் கல்லூரியிலிருந்தே எழுந்தது. ராஸ் வணிகவியல் பள்ளிப் பேராசிரியர் அனில் கர்னானி 2007 இல் வெளியிட்ட கட்டுரையில் பின்வரும் குறைகளைச் சுட்டினார்:

- நாளொன்றுக்கு 2 டாலருக்கும் குறைவாக ஈட்டுவோர் 400 கோடிப் பேர் என்று பிரகலாத் எழுதினார். உலக வங்கியின் 2001 ஆம் ஆண்டு மதிப்பீடு 270 கோடி மட்டுமே.
- பிரகலாத் கூறிய சந்தை மதிப்பு 13 இலட்சம் கோடி டாலர். கர்னானியின் கணக்கில் அது, வாங்கும் திறன் அடிப்படையிலும், 1.2 இலட்சம் கோடி டாலரே.
- வெற்றி பெற்றவையாகக் காட்டப்பட்ட சில முயற்சிகள் இலாப நோக்கமற்றவை, வேறு சில நடுத்தர வகுப்பினருக்கு விற்பவை.
- ஏழைக்குத் தேவை நிலையான வேலையும் வருவாயும் ஆகும். ஆகவே ஏழையை நுகர்வோராகப் பார்ப்பதினும் உற்பத்தியாளராகப் பார்ப்பதே வறுமையைக் குறைக்கும்.

தோலை வெண்மையாக்கும் களிம்பைச் சிறு பொதியில் விற்பது ஏழைப் பெண்ணுக்கு அதிகாரம் அளிப்பதாகாது என்றும் கர்னானி வாதிட்டார். இக்களிம்பை விற்ற இந்துஸ்தான் லீவரின் இயக்குநர் குழுவில் பிரகலாத் இருந்ததால் இவ்விவாதம் கூடுதல் கவனம் பெற்றது. சிறு பொதிகளால் பெருகும் நெகிழிக் குப்பை மற்றொரு குறையாகும். இச்சிக்கலைப் பிரகலாத் நூலிலேயே ஒப்புக்கொண்டிருந்தார்.

வணிகக் களத்திலும் முடிவுகள் கலவையாகவே அமைந்தன. பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் குடிநீரைத் தூய்மையாக்கும் தூளை ஏழை நாடுகளில் இலாபத்துக்கு விற்க முயன்று இயலாமல், அதை அறப்பணித் திட்டமாக மாற்றிக்கொண்டது. மறுபுறம், உழவர்கள் விளைபொருளின் விலையைக் கணினியில் அறிந்து விற்க உதவிய ஐ.டி.சி.யின் இ-சௌபால் திட்டம் 2000 இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கி பிற மாநிலங்களுக்கும் பரவியது. இத்திட்டமும் பிரகலாத்தின் நூலில் உள்ளது. ஏழையை உற்பத்தியாளராகக் காணும் பார்வை நூலில் அறவே இல்லை என்று கூற முடியாததற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது.

சமூகப் பொறுப்பு குறித்த நிலைப்பாடு

இலாபத்தின் ஒரு பகுதியை நன்கொடையாக வழங்குவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்னும் கருத்தைப் பிரகலாத் போதுமானதாகக் கொள்ளவில்லை. இலாபம் குறையும் ஆண்டில் நன்கொடையும் குறையும். அடிப்படைத் தொழிலே ஏழைக்குப் பயன்படுமானால் அது தொழில் வளரும் அளவுக்கு வளரும் என்பது அவர் நிலைப்பாடு. சுற்றுச்சூழல் குறித்தும் இவ்வாறே கருதினார். ராம் நிடுமோலு, எம். ஆர். ரங்கசாமி ஆகியோருடன் 2009 இல் எழுதிய கட்டுரையில், சுற்றுச்சூழல் விதிகளைச் செலவாகக் காணும் நிறுவனங்கள் பின்தங்கும், புத்தாக்கத்துக்கான வாய்ப்பாகக் காண்பவை முந்தும் என்று வாதிட்டார்.

இந்தியாவில் பின்னர் இயற்றப்பட்ட 2013 ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் வேறு வழியைத் தேர்ந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதல், 5 கோடி ரூபாய் நிகர இலாபம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இவ்விதியின்படி, நிறுவனம் தன் வழக்கமான தொழில் நடவடிக்கையை இச்செலவில் கணக்குக் காட்ட இயலாது. பிரகலாத் முதன்மையாகக் கருதிய வழி இச்சட்டத்தின் கணக்கில் வருவதில்லை.

இந்தியா 75

இந்திய விடுதலையின் 60 ஆம் ஆண்டையொட்டி 2007 இல் நியூயார்க்கில் ஆற்றிய உரையில், 2022 க்குள் இந்தியா அடைய வேண்டிய இலக்குகளைப் பிரகலாத் முன்வைத்தார். 20 கோடிப் பட்டதாரிகள், திறன் சான்று பெற்ற 50 கோடித் தொழிலாளர்கள், உலகின் முதல் நூறு நிறுவனங்களில் 30 இந்திய நிறுவனங்கள், உலக வணிகத்தில் 10 விழுக்காடு, பத்து நோபல் பரிசாளர்கள் ஆகியவை அவற்றுள் சில. இந்தியத் தொழில் கூட்டமைப்பு இதை ஓர் இயக்கமாக ஏற்றது. 50 கோடிப் பேருக்குத் திறன் பயிற்சி என்பது 2009 ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுக் கொள்கையிலும் இடம்பெற்றது. குறித்த ஆண்டுக்குள் இவ்விலக்குகளில் பெரும்பாலானவை எட்டப்படவில்லை. 2022 இல் உலகப் பொருள் ஏற்றுமதியில் இந்தியாவின் பங்கு 2 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது.

மறைவு

நுரையீரல் நோயால் பாதிக்கப்பட்ட பிரகலாத், 2010 ஏப்ரல் 16 அன்று சான் டியேகோவில் தம் 68 ஆவது அகவையில் காலமானார். குறைந்த வளங்களைக் கொண்டு மிகுதியான மக்களுக்கு மிகுதியாக ஆக்குவது பற்றி இரகுநாத் மசேல்கருடன் எழுதிய கட்டுரை, அவர் மறைவுக்குப் பின் அதே ஆண்டில் வெளியானது.

நூல்கள் (பொருள்வழித் தலைப்பு)

- பன்னாட்டு நிறுவனங்களின் பணி – ஈவ் டோசுடன், 1987
- எதிர்காலத்துக்கான போட்டி – கேரி ஹாமெலுடன், 1994
- போட்டியின் எதிர்காலம் – வெங்கட் ராமசாமியுடன், 2004
- பிரமிடின் அடித்தளத்தில் உள்ள செல்வம் – 2004
- புத்தாக்கத்தின் புதிய காலம் – எம். எஸ். கிருஷ்ணனுடன், 2008

விருதுகளும் சிறப்புகளும்

- லால் பகதூர் சாஸ்திரி விருது, 2000
- உலகின் செல்வாக்கு மிக்க மேலாண்மைச் சிந்தனையாளர்களின் திங்கர்சு 50 பட்டியலில் முதலிடம், 2007, 2009
- பத்ம பூசண் விருது, 2009
- வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான பிரவாசி பாரதிய சம்மான் விருது, 2009

இவற்றையும் பார்க்க

- அரவிந்த் கண் மருத்துவமனை
- சுய உதவிக் குழு
- போபால் பேரழிவு
- இந்திய மேலாண்மைக் கழகம், அகமதாபாத்